பழைய ஜீப்பின் விலை வர்ணத்தில் இல்லை

கடந்த மாதம் ஒரு சகோதரர் எனது கடைக்கு வந்தார். வவுனியாவில் மொத்த வியாபாரம் செய்பவர். கையடக்கத் தொலைபேசியில் ஒரு லாண்ட் ரோவரின் படத்தைக் காட்டினார். பச்சை வர்ணம், புது டயர், முகம் தெரிகிற பளபளப்பு.

"நானா, 1958 மொடலாம். இப்படி ஒன்று இனிக் கிடைக்காது என்கிறார்கள். நாளைக்கு முற்பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா?" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்விளக்குகள் இரண்டும் மட்காட்டிலே இருந்தன. நடுவில் இருந்த கிரில் பிளாஸ்டிக். லாண்ட் ரோவர் கம்பனி முன்விளக்கை மட்காட்டுக்குக் கொண்டுபோனது 1960களின் கடைசியில். பிளாஸ்டிக் கிரில் வந்தது 1971 இல். ஆக, அது 1958 இல் பிறந்த வண்டியாக இருக்க முடியாது. அல்லது 1958 வண்டி ஒன்றின் முகத்தை யாரோ பின்னர் மாற்றியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் முற்பணம் கொடுப்பது வியாபாரமல்ல, சூதாட்டம்.

இந்தக் கேள்வி இப்போது பலரிடமிருந்து வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டாலும் வரி போட்டு வருகிற புது வண்டியின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே கண்கள் பழையவற்றின் பக்கம் திரும்பியிருக்கின்றன. அதிலும் நான்கு சில்லும் இழுக்கிற பழைய ஜீப், லாண்ட் ரோவர் என்றால் வயலுக்கும் ஆகும், காட்டுப் பாதைக்கும் ஆகும், வாடகைக்கும் ஆகும், வைத்திருந்தால் விலையும் ஏறும் என்று ஒரு கணக்கு. கணக்கு முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கணக்கில் நம்மவர்கள் எங்கே இடறி விழுகிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். ஏனென்றால் அந்தக் குழி ஒன்றைத் தோண்டுவதற்கு நானும் ஒருமுறை கை கொடுத்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜீப் என்பது எது?

நம் ஊரில் நான்கு சில்லு இழுவை உள்ள எல்லாவற்றையும் ஜீப் என்றே சொல்கிறோம். விலை பேசும்போது அப்படிச் சொன்னால் காசு போய்விடும்.

முதல் ஜீப் இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்யப்பட்டது. வில்லிஸ் கம்பனியின் எம்.பி., ஃபோர்ட் கம்பனியின் ஜி.பி.டபிள்யூ. இரண்டும் ஒரே வரைபடம். 1941 முதல் 1945 வரை இரண்டு கம்பனிகளும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. நேசப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 முதல் கண்டியில் இருந்தது. வவுனியாவிலும் பிரிட்டிஷ் விமானப்படையின் தளம் இருந்தது. ஆகவே போர்க்கால ஜீப் வன்னிக்குப் புதிய விருந்தாளி அல்ல.

இனி அடையாளம். போர்க்கால ஜீப்பின் முன் கிரிலில் ஒன்பது நெடுக்குத் துளைகள் இருக்கும். போருக்குப் பின் சிவிலியன்களுக்காகச் செய்த சி.ஜே. வரிசையில் ஏழு துளைகள், முன்விளக்கும் பெரிது. 1945 இல் வந்த சி.ஜே.2ஏ யில் பின்னால் திறக்கிற கதவுப் பலகை உண்டு, உதிரிச் சில்லு பக்கத்தில் தொங்கும். போர்க்கால ஜீப்பில் பின் பலகை திறக்காது, உதிரிச் சில்லு பின்னால் இருக்கும். 1953 இல் வந்த சி.ஜே.3பி யில் புது என்ஜின் உயரமாக இருந்ததால் பொனெட்டும் தூக்கலாக இருக்கும். தூரத்திலேயே தெரியும்.

எம்.பி. யா, ஜி.பி.டபிள்யூ. வா என்று பார்க்க ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த வாய்க்கால் மாதிரி என்றால் ஃபோர்ட். ஃபோர்ட் தன் போல்ட்டுகளின் தலையில்கூட எஃப் என்ற எழுத்தைப் பதித்திருந்தது.

இதே சி.ஜே.3பி ஐ மஹிந்திரா இந்தியாவிலும் மிட்சுபிஷி ஜப்பானிலும் அனுமதி பெற்றுப் பல ஆண்டுகள் செய்தன. மிட்சுபிஷி 1953 இல் தொடங்கி 1998 வரை செய்தது. நம் கராஜ்களில் "4டிஆர்5 ஜீப்" என்று சொல்கிறோமே, அது இந்த மிட்சுபிஷியின் டீசல் என்ஜின் பெயர். இவை நல்ல உழைப்பாளிகள். உதிரிப்பாகமும் கிடைக்கும். ஆனால் 1980களில் செய்த மிட்சுபிஷிக்கு ஒன்பது துளைக் கிரிலை வெல்டிங் பிடித்து, "உலகப் போர் ஜீப்" என்று விலை சொன்னால் அது வேறு கதை.

லாண்ட் ரோவரைப் படிப்பது

லாண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. முதல் மாதிரியை ஒரு ஜீப்பின் செசியின் மேல்தான் கட்டினார்கள். முதல் லாண்ட் ரோவரின் முன் பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் ஜீப்புக்கு இருந்த அதே 80 அங்குலம். போருக்குப் பின் பிரிட்டனில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பொடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தட்டுப்பாட்டில் எடுத்த அந்த முடிவால்தான் இன்றும் இந்த வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன.

வரிசையை இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிசை, 1948 முதல் 1958 வரை. பக்கங்கள் தட்டையான பெட்டி போல இருக்கும். முதலில் 80 அங்குலம், பிறகு 86, 107, கடைசியில் 88, 109. மிக ஆரம்பத்தில் வந்தவற்றில் முன்விளக்கு கம்பி வலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சேகரிப்பாளர்கள் தேடுவது இவற்றைத்தான்.

இரண்டாம் வரிசை, 1958 முதல். பக்கத்தில் தோள் போல ஒரு வளைவு வந்தது. 2.25 லீற்றர் பெற்றோல் என்ஜின் வந்தது. 1961 முதல் வந்தது 2ஏ, அதோடு 2.25 லீற்றர் டீசலும் வந்தது. முன்விளக்கு நடுவில் கிரிலோடு சேர்ந்திருக்கும். 1960களின் கடைசியில்தான் மட்காட்டுக்குப் போனது.

மூன்றாம் வரிசை, 1971 முதல் 1985 வரை. பிளாஸ்டிக் கிரில். மீற்றர்கள் டாஷ்போர்ட்டின் நடுவிலிருந்து சாரதியின் முன்னால் வந்தன. முன்னோக்கிய நான்கு கியரும் சத்தமில்லாமல் விழும். முந்திய வரிசைகளில் முதலாம், இரண்டாம் கியர்களுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு தரம் கிளச் மிதித்துத்தான் இறக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது இதுவும் ஓர் அடையாளம்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். லாண்ட் ரோவர் நட்டும் போல்ட்டும் சேர்ந்த வண்டி. கிரில், மட்காட், பொனெட், கதவு எல்லாவற்றையும் ஒரு பகலில் கழற்றி இன்னொரு வண்டிக்குப் பூட்டலாம். ஆகவே முகத்தைப் பார்த்து வயது சொல்வது முதல் படி மட்டுமே. வண்டியின் பிறப்புச் சாட்சி செசியில் பதித்த இலக்கத்தில் இருக்கிறது.

இலக்கமும் புத்தகமும்

இரண்டாம், மூன்றாம் வரிசை லாண்ட் ரோவர்களில் அந்த இலக்கம் முன் வலப்பக்க ஸ்பிரிங் தாங்கியில் பதிக்கப்பட்டிருக்கும். உள்ளே பூட்டிய தகட்டிலும் இருக்கும். தகடு இரண்டு ரிவெட்டில் கழன்று வருகிற பொருள், அதை நம்பாதீர்கள். கம்பித் தூரிகையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் ஸ்பிரிங் தாங்கியைச் சுத்தம் செய்து இலக்கத்தை வாசியுங்கள்.

இலக்கமே வண்டியின் வகையைச் சொல்லும். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள 88 அங்குல 2ஏ பெற்றோல் வண்டியின் இலக்கம் 241 அல்லது 242 என்று தொடங்கும். அதே அளவு மூன்றாம் வரிசை 901 அல்லது 902 என்று தொடங்கும். புத்தகத்தில் 242 இருக்கிறது, வண்டி முழுக்க மூன்றாம் வரிசையாக இருக்கிறது என்றால் கேள்வி கேளுங்கள். வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் செசிச் சட்டத்தின் உட்புறத்தில், முன் பம்பருக்குப் பின்னால், சிறு தகடு ரிவெட் அடித்திருக்கும். ஃபோர்ட் அதே இடப்பக்கச் சட்டத்தின் மேற்புறத்திலேயே இலக்கத்தைப் பதித்தது.

இலக்கத் தகட்டிலும் கதை உண்டு. ஈ.எல்., ஈ.என்., சி.எல்., சி.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் உள்ளவை இலங்கையின் பழைய ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து வந்தவை. அதன் பின்பே சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1957, 58 காலத்தில் வடக்கில் அந்த எழுத்துக்குத் தார் பூசிய போராட்டம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே ஆங்கில எழுத்துத் தகட்டோடு 1965 மொடல் என்று ஒருவர் வண்டி காட்டினால், தகடும் வண்டியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் அல்ல.

நான் செய்த பிழை

இனி நான் சொல்லவேண்டியது. சொல்ல வெட்கம்தான்.

எங்கள் வாப்பாவிடம் ஒரு லாண்ட் ரோவர் இருந்தது. 88 அங்குலம், 2ஏ, பெற்றோல். தண்ணீரூற்றில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் நிற்கும். விடியற்காலையில் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் மீன் ஏற்றும், மாரியில் வயலிலிருந்து நெல் இழுக்கும், பிரசவ வலி வந்த தாய்மாரையும் ஏற்றிப் போகும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல நாங்களும் வெளியேற்றப்பட்டபோது அந்த வண்டி அங்கேயே நின்றது. வாப்பா காணி உறுதியையும் வண்டிப் புத்தகத்தையும் மட்டும் இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த காலத்திலும் அந்தப் புத்தகம் பொலித்தீன் பைக்குள் பத்திரமாக இருந்தது.

2002 இல் ஏ9 வீதி திறந்தது. அடுத்த வருடம் நான் ஊரைப் பார்க்கப் போனேன். வீட்டின் சுவர் இரண்டு நின்றது. வண்டி இல்லை. அதன் பின் பக்க அலுமினியத் தகடு ஒன்று மட்டும் பக்கத்து வளவில் ஆட்டுக் கொட்டிலுக்குக் கதவாக நின்றது. வாப்பா ஒருமுறை பனையில் முட்டிய நெளிவு அதில் இருந்ததால் அடையாளம் தெரிந்தது.

2004 இல் ஒரு தரகர் என்னைத் தேடி வந்தார். "வண்டி இல்லாவிட்டால் என்ன, புத்தகம் இருக்கிறதல்லவா? 35,000 ரூபா தருகிறேன்" என்றார். எனக்கு வவுனியாவில் கடை ஒன்று எடுக்க முற்பணம் தேவையாக இருந்தது. உரிமை மாற்றப் படிவத்தை வாப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் நோயில் படுத்திருந்தார். "வண்டியே இல்லை, புத்தகம் எதற்கு மகன்?" என்று கேட்டார். "தேவைப்படுகிற ஒருவர் இருக்கிறார் வாப்பா" என்றேன். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து வருடம் கழிந்தது. செட்டிகுளம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் ஒரு லாண்ட் ரோவரைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். மனைவியின் நகையை அடகு வைத்து ஏழு இலட்சத்துக்கு வாங்கியிருந்தார். வில்பத்து பூங்கா 2010 இல் மீண்டும் திறந்திருந்ததால் சுற்றுலாக்காரரை ஏற்றலாம் என்பது அவரது எண்ணம். "நானா, ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். வண்டியை நான் பார்க்கவில்லை. இலக்கத் தகட்டைத்தான் பார்த்தேன். அது வாப்பாவின் இலக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு பாஸ் இருந்தார். கிளிநொச்சிக்காரர், தமிழர், நாற்பது வருடம் லாண்ட் ரோவருக்குக் கீழேயே படுத்தவர். அவரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பிரிங் தாங்கியைச் சுரண்டினார். இலக்கம் புத்தகத்தோடு பொருந்தியது. ஆனால் அவர் சொன்னார்: "தம்பி, விரலாலை தடவிப் பாருங்கோ. இந்த இடத்திலை கிரைண்டர் ஓடியிருக்கு. எழுத்தும் வரிசையா நிக்கேல்லை. கம்பனிக்காரன் இப்பிடி அடிக்கமாட்டான்." ஒரு மூன்றாம் வரிசை வண்டியின் செசியில் பழைய இலக்கத்தை அரைத்துவிட்டு, என் வாப்பாவின் இலக்கத்தை அடித்திருந்தார்கள். நான் விற்ற புத்தகம் அந்த இலக்கத்துக்குப் போர்வையாகியிருந்தது.

நான் அந்த இளைஞரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. விற்றவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. இலக்கம் மாற்றப்பட்ட வண்டி, பொலிஸாரோ திணைக்களமோ பிடித்தால் திரும்பக் கிடைக்காது. கடைசியில் போட்ட காசில் பாதிகூட அவர் கைக்குத் திரும்பவில்லை. நான் வாங்கிய 35,000 ஐ அவரிடம் கொடுத்தேன். அது அவரது கடனைத் தீர்க்கவில்லை, என் கணக்கையும் தீர்க்கவில்லை. ஈரமான தானியத்தைக் குவியலுக்கு உள்ளே வைத்த வியாபாரியைப் பற்றி நாம் எத்தனை குத்பாவில் கேட்டிருக்கிறோம்! அன்றுதான் அது எனக்குச் சொல்லப்பட்டது போல இருந்தது.

ஆகவே முதல் சட்டம்: வண்டி அழிந்துவிட்டால் அதன் பதிவை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரத்துச் செய்யுங்கள். புத்தகத்தைத் தனியாக விற்காதீர்கள், தனியாக வாங்காதீர்கள். இரண்டாவது சட்டம்: இலக்கம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், அது எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். மூன்றாவது: திறந்த கடதாசியில் வாங்காதீர்கள். முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்ட திகதியில்லாப் படிவம் நான்கு கை மாறி உங்களிடம் வந்தால், அந்த உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். பதிவுக்குச் செசி இலக்கம் கேட்டபோது எத்தனை பேர் முழித்தார்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

வன்னி வண்டிக்கு வன்னி நோய்கள்

வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதாத சில நோய்கள் நம் வண்டிகளுக்கு உண்டு.

ஒன்று, உப்பு. பொடி அலுமினியம், துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தாங்குகிற செசி இரும்புப் பெட்டி. மீன் ஏற்றிய வண்டி, கரையில் இறங்கிய வண்டி, 2004 டிசம்பர் 26 சுனாமியில் நனைந்த வண்டி, இவற்றின் செசி உள்ளிருந்து அரிக்கும். வெளியே தார் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போலச் சொல்லும், உளுத்தது பலகை போலச் சொல்லும். பின் குறுக்குச் சட்டம், பக்கக் கைகள், கால் வைக்கும் கிண்ணங்கள், கதவுத் தூண்கள் ஆகிய நான்கும் முக்கியம். அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடங்களில் வெள்ளைத் தூள் கொட்டினால் அங்கும் அரிப்பு நடக்கிறது.

இரண்டு, மண்ணெண்ணெய். 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய என்ஜின்களின் அழுத்தம் குறைவு என்பதால் அது சாத்தியமானது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைக் கடந்து கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கும். பெயாரிங் தேயும், வால்வு கருகும். அந்தக் காலம் போனாலும் தேய்மானம் போகாது. ஆகவே நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து, ஒயில் அழுத்தமும் பார்க்காமல் பெற்றோல் என்ஜினுக்கு விலை சொல்லாதீர்கள்.

மூன்று, நெருப்பும் சன்னமும். 2009 மே மாதம் போர் முடிந்தபோது மக்கள் விட்டுச்சென்ற வாகனங்கள் முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. உயிரோடு வந்தவர்கள் விட்டுவிட்டு வந்த உடைமைகள் அவை. அவற்றின் பாகங்கள் இன்றும் பல வண்டிகளில் இருக்கின்றன. தகட்டில் சன்னத் துளையைப் பேஸ்ட் வைத்து மூடியிருந்தால் அது பெரிய குறையல்ல. ஆனால் தீயில் வெந்த ஸ்பிரிங் பட்டை இறுக்கத்தை இழந்துவிடும், வெந்த செசி வளைந்திருக்கும். நான்கு மூலைகளையும் கயிறு பிடித்துக் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவை போக, எல்லா லாண்ட் ரோவருக்கும் பொதுவான ஒன்று: முன் சில்லுக்கு உள்ளே இருக்கிற குரோம் உருண்டை. அது குழி விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் ஒயில் ஒழுகும்.

விலை போடும் முறை

ரூபாக் கணக்கு எழுதினால் பத்திரிகை கைக்கு வருமுன் மாறிவிடும். ஆகவே நான் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன். அதே வகையில், கடதாசி சுத்தமாக, ஓடும் நிலையில் உள்ள வண்டி ஒன்று உண்மையாகவே கைமாறிய விலையைக் கேட்டறியுங்கள். விளம்பரத்தில் போடும் விலையை எடுக்காதீர்கள். அதை 100 என்று வையுங்கள்.

செசி உளுத்திருந்தால் 30 கழியுங்கள். கால் கிண்ணமும் கதவுத் தூணும் போயிருந்தால் 10. கியர் பொக்ஸ் தானாகக் கழன்றால் 10. முன் உருண்டையும் பிரேக்கும் 5. என்ஜின் திறக்கவேண்டும் என்றால் 15. ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து கூட்டுத்தொகை 50 ஐத் தாண்டினால் அது உதிரிப்பாக வண்டி. அந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். வர்ணத்துக்கும் டயருக்கும் 5 க்கு மேல் கூட்டாதீர்கள். கடதாசிக் குறைக்கு மட்டும் கழிவு இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

ஜப்பான் டீசல் என்ஜின் பூட்டிய வண்டிக்கு இரண்டு விலை உண்டு. வேலைக்கு வாங்குபவருக்கு அது கூடுதல் பெறுமதி. 2.25 லீற்றர் பெற்றோல் என்ஜின் லீற்றருக்கு ஐந்து, ஆறு கிலோமீற்றர்தான் கொடுக்கும். டீசல் அதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் சேகரிப்பாளருக்கு அது குறை. அவர் தேடுவது தொழிற்சாலையிலிருந்து வந்த அதே என்ஜின். ஆகவே பழைய என்ஜின் மூலையில் கிடந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்ஜின் மாற்றம் புத்தகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் வரிசை லாண்ட் ரோவரோ, போர்க்கால ஜீப்போ உண்மையாகவே கையில் கிடைத்தால் ஒன்றையும் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். பழைய ஆசனம், பழைய மீற்றர், பழைய தகடு எல்லாம் காசு. நம்மவர்கள் செலவழித்து நவீனமாக்கி விலையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

வாங்கிய பின்

நெல் மூட்டை இழுக்கத்தான் வண்டி என்றால் இதை வாங்க வேண்டாம். உழவு இயந்திரமும் பெட்டியும் அந்த வேலையை மலிவாகச் செய்யும். பழைய ஜீப்புக்குப் பொருத்தமான வேலை ஆள் ஏற்றுவது, சேற்றில் போவது, பார்க்க வைப்பது. காட்டுச் சவாரி, கல்யாண ஊர்வலம், படப்பிடிப்பு வாடகை. மேற்கு வங்காளத்தில் டார்ஜீலிங் பக்கம் மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து சந்தக்பு மலைக்கு 1950களின் லாண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பிரயாணிகளை ஏற்றின. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் விட்டுப்போன வண்டிகள் அவை. அந்த மலையைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வண்டியையும் பார்க்கவே வந்தார்கள். உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து முறை வைத்து ஓடியதால் விலைவெட்டு இல்லாமல் எல்லோரும் சாப்பிட்டார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது.

வாடகைக்கு விடுவதென்றால் காப்புறுதியில் அதைச் சொல்லிப் பதியுங்கள். சொந்தப் பாவனை என்று எழுதி ஆள் ஏற்றினால் விபத்து நாளில் கம்பனி கை விரிக்கும்.

ஓட்டுபவருக்கும் பாடம் வேண்டும். லாண்ட் ரோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சில்லும் இழுக்கும். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் மெது வேகக் கியரோடு நான்கு சில்லும் இழுக்கும். வண்டியை நிறுத்திவிட்டே அதை இழுக்க வேண்டும். திரும்ப இரண்டு சில்லுக்கு வர, சிவப்பை ஒருமுறை பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் மஞ்சள் தானாக எழும்பும். இதை மறந்து ஏ9 தார் வீதியில் நான்கு சில்லு இழுவையில் ஓடினால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று இழுபட்டு ஏதாவது ஒன்று முறியும். பின் சில்லின் அரை அச்சு முதலில் போகும். ஒன்றை உதிரியாக வைத்திருங்கள். பஞ்சிகாவத்தைக்குப் போய்வரும் செலவைவிட அது மலிவு. பழைய பிரேக்கில் ஒரே ஒரு குழாய்ச் சுற்றுத்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லிலும் பிரேக் இல்லை. மாதம் ஒருமுறை கீழே படுத்துப் பாருங்கள்.

படம் கொண்டுவந்த அந்தச் சகோதரரிடம் நான் சொன்னதும் அதுதான்: "முற்பணத்தைப் பொக்கற்றில் வையுங்கள். ஒரு சாக்கு, ஒரு சுத்தியல், ஒரு கம்பித் தூரிகை எடுத்துக்கொண்டு போங்கள். உடுப்பு அழுக்காகும் என்று யோசிக்காதீர்கள்."

அவர் போய்ப் படுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் தாங்கியில் புது வெல்டிங் இருந்ததாம். விற்பவரிடம் கேட்டபோது "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்றாராம். வாங்காமல் வந்துவிட்டார்.

அந்த வண்டி இன்னும் விற்பனைக்குத்தான் நிற்கிறது. நாளை உங்களிடம் யாராவது அதன் படத்தைக் காட்டலாம்.